வோல்கா கடலில் சேரும் அஸ்திரகானில் எதையெல்லாம் பார்க்கலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மாஸ்கோவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் பார்த்தாயிற்று. அடுத்த முறை வோல்கா கரையில் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள் நிதானமாகச் சுற்ற ஆசை. கோட்டை, பழைய நகரம் என்று சரித்திரமும் வேண்டும். ஆறு, பறவை, மலை என்று இயற்கையும் வேண்டும். எங்கே போகலாம், எதையெல்லாம் பார்க்கலாம்?

என் பதில் அஸ்திரகான். பெரும்பாலோர் கசானைச் சொல்வார்கள். அது நல்ல ஊர்தான். சமாரா பக்கம் ஷிகுலி மலையும் அழகு. ஆனால் 3,530 கிலோமீட்டர் ஓடிவரும் அந்த ஆறு கடைசியில் என்ன ஆகிறது என்பதை அஸ்திரகானில் மட்டும்தான் பார்க்க முடியும். நகருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே பிரியத் தொடங்கி, ஐந்நூறு அளவிலான கிளைகளாகவும் வாய்க்கால்களாகவும் சிதறி, காஸ்பியன் கடலுக்குள் போய்ச் சேருகிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆற்றுக் கழிமுகம் அதுதான். நீங்கள் கேட்ட சரித்திரமும் இயற்கையும் அங்கே ஒரே தண்ணீரால் உண்டானவை. அதனால் ஒன்றைப் பார்க்கும்போதே மற்றதையும் பார்த்துவிடுவீர்கள்.

போவதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த இடத்துக்குப் போனாலும் நிற்கிற நிலம் மேடா பள்ளமா என்று கவனியுங்கள். காஸ்பியன் கடலின் நீர்மட்டம் உலகப் பெருங்கடல்களின் மட்டத்தைவிடச் சுமார் 28, 29 மீட்டர் கீழே இருக்கிறது. அஸ்திரகான் நகரமே 20 மீட்டருக்கும் மேல் கீழேதான். சுற்றிலும் தட்டையான நிலம். அப்படிப்பட்ட நாட்டில் பத்து மீட்டர் மேடு கிடைத்தால் அது பெரிய சொத்து. கோட்டை, கிராமம், இடுகாடு, எல்லாமே மேட்டில்தான். வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த இடங்களைத் தனித்தனியாக வரிசை போட்டுச் சொல்லும். மேடு பள்ளத்தைக் கவனித்தால்தான் எல்லாம் ஒரே கதை என்று தெரியும்.

அந்த மேடுகளுக்கு ஒரு பெயர் உண்டு: பேர் மேடுகள். கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் என்ற விஞ்ஞானியின் பெயரால் வந்தது. பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827-இல் முதன்முதலில் கண்டு எழுதியவர் அவர். 1850-களில் காஸ்பியன் மீன்வளத்தை ஆராய வந்தபோது, கழிமுகப் பகுதியில் கிழக்கு மேற்காக ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும் நீண்ட மண்மேடுகளைப் பார்த்து விவரித்தார். சில நூறு மீட்டர் அகலம், சில கிலோமீட்டர் நீளம், பத்துப் பதினைந்து மீட்டர் உயரம். கடல் பின்வாங்கியபோது உண்டானவையா, காற்று குவித்தவையா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. கழிமுகத்தின் மேற்குப் பக்கம் போனால் இந்த மேடுகளுக்கு நடுவே நீளநீளமாக ஏரிகள் கிடக்கும். உள்ளூரில் அவற்றை இல்மென் என்பார்கள். ஒரு மேடு, ஒரு ஏரி, மறுபடி ஒரு மேடு என்று மாறிமாறி வரும். வெள்ளக் காலத்தில் மேடு மட்டும் மிஞ்சும். கிராமங்கள் ஏன் ஒரே நேர்க்கோட்டில் நீண்டிருக்கின்றன என்பதற்கு அதுதான் காரணம்.

நகரத்தின் கோட்டையும் அப்படி ஒரு மேட்டின் மேல்தான் நிற்கிறது. இவான் என்கிற கொடுங்கோல் ஜார் 1556-இல் கான் என்ற தாத்தாரிய மன்னர்கள் ஆண்ட அஸ்திரகான் அரசைக் கைப்பற்றினார். பழைய தாத்தாரிய ஊர் சற்று மேலே, வலது கரையில் இருந்தது. ரஷ்யர்கள் அதை விட்டுவிட்டு, 1558-இல் இடது கரையில், நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு உயர்ந்த மேட்டில் மரக்கோட்டை கட்டினார்கள். பாதுகாப்புக்கு அதைவிட நல்ல இடம் அங்கே இல்லை. 1580-களில் மரத்துக்குப் பதிலாகக் கல்லும் செங்கல்லும் வந்தன. அந்தச் செங்கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆற்றின் மேற்பக்கம் இடிந்து கிடந்த தங்கக் கூட்டம் என்ற மங்கோலிய அரசின் தலைநகரத்தைப் பெயர்த்து, படகில் ஏற்றிக் கொண்டுவந்து கட்டினார்கள். வெள்ளையடித்த அந்த மதிலைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். அந்தத் தலைநகரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிரெம்ளின் என்று அழைக்கும் அந்தக் கோட்டைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது 80 மீட்டர் உயர மணிக்கோபுரம். அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. உண்மையான பொக்கிஷம் அதற்குப் பின்னால் நிற்கும் உஸ்பென்ஸ்கி பேராலயம். 1699-இலிருந்து 1710 வரை கட்டியிருக்கிறார்கள். கட்டிய தலைமைக் கொத்தனார் தோரஃபெய் மியாகிஷெவ் ஒரு பண்ணையடிமை. இரண்டு அடுக்கு, ஐந்து குவிமாடம், ஜன்னலைச் சுற்றி வெள்ளைக் கல்லில் செதுக்கிய கொடி வேலைப்பாடு. 1722-இல் இங்கே வந்த மகா பீட்டர், "என் நாடு முழுவதிலும் இப்படி அழகான ஆலயம் இல்லை" என்றார் என்று ஊரில் சொல்வார்கள். சொன்னாரோ இல்லையோ, நம்பத் தோன்றும். ஆலயத்தோடு ஒட்டியே, கல் கைப்பிடி போட்ட ஒரு வட்ட மேடை இருக்கிறது. அரசாணைகளை வாசித்த இடம், தண்டனைகளை அறிவித்த இடம். வழிபாட்டு இடமும் அதுவும் ஒரே கட்டடமாக இணைந்திருப்பது ரஷ்யாவில் மிக அபூர்வம். பலர் அதைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இந்த மதிலுக்குள் ரத்தம் நிறையவே சிந்தியிருக்கிறது. 1670-இல் கொசாக்குகள் என்ற எல்லைப்புறக் குதிரைவீரர்களின் தலைவன் ஸ்தெங்கா ராசின் நகரத்தைப் பிடித்தபோது, ஆளுநர் புரொசொரோவ்ஸ்கியை உயரமான கோபுரத்திலிருந்து தள்ளிக் கொன்றார்கள். அதே சமயம், மேற்கத்திய முறையில் ரஷ்யா கட்டிய முதல் போர்க்கப்பலான 'ஒர்யோல்' இங்கே நங்கூரமிட்டிருந்து ராசின் ஆட்களிடம் சிக்கியது. 1705-இல் இன்னொரு கலகம். பீட்டர் தாடியை மழிக்கச் சொன்னதும், ஐரோப்பிய உடை உடுத்தச் சொன்னதும், வரிச்சுமையும் சேர்ந்து ஊரே கொதித்தெழுந்தது. தலைநகரிலிருந்து இவ்வளவு தொலைவில் இருந்ததால், அரசின் கை தளர்ந்ததென்றால் முதலில் வெடித்தது இந்த ஊர்தான்.

கோட்டையை விட்டு வெளியே வந்து வொலோதார்ஸ்கி தெருப் பக்கம் நடங்கள். நம்மவர்கள் தவறவிடக் கூடாத இடம் அங்கே இருக்கிறது: இந்தியர் வணிக வளாகம். 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே இந்திய வியாபாரிகள் பாரசீகம் வழியாக, காஸ்பியனைக் கப்பலில் கடந்து அஸ்திரகானுக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலும் முல்தான், பஞ்சாப், மார்வார் பகுதிக்காரர்கள், தமிழர்கள் அல்ல. பருத்தித் துணி, பட்டு, ரத்தினக் கற்கள் கொண்டுவந்தார்கள். வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஜார் அரசு அவர்களுக்குத் தனியாக ஒரு வளாகம் கட்டிக்கொடுத்தது. கடை, கிடங்கு, வீடு எல்லாம் அதற்குள்ளேயே. உள்ளே ஒரு விஷ்ணு கோயிலும் இருந்தது. பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கையியல் அறிஞர் 1793-இல் வந்தபோது அங்கே நடந்த பூஜையை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். இறந்தவர்களை ஆற்றங்கரையில் தகனம் செய்யவும் அவர்களுக்கு அனுமதி இருந்தது. கிறித்தவ ஜார் ஆட்சியில், அந்தக் காலத்தில், இது சின்ன விஷயமல்ல.

அவர்கள் குடும்பத்தோடு வரவில்லை. பலர் அங்கேயே தாத்தாரியப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்களை அக்ரிஷான்கள் என்று அழைத்தார்கள்; நகரத்தில் அவர்களுக்கென்று ஒரு பேட்டையே இருந்தது. காலப்போக்கில் தாத்தாரியர்களோடு கலந்துபோனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வியாபாரம் நொடித்து இந்தியர்களும் மறைந்தார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டு வளாகமல்ல, பின்னால் எழுந்தது. கோயிலும் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் தூண் வைத்த ஒரு பழைய கட்டடம், அவ்வளவே. இருந்தாலும் போய்ப் பாருங்கள் என்பேன். பக்கத்திலேயே பாரசீக வளாகமும் இருக்கிறது. ஆர்மீனியர்கள், பாரசீகர்கள், இந்தியர்கள், தாத்தாரியர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காத குறையாக வியாபாரம் செய்த சந்து அது. வெள்ளை மசூதி, கத்தோலிக்கத் தேவாலயம், தாத்தாரியர் பேட்டையில் செதுக்கிய ஜன்னல்கள் வைத்த மர வீடுகள், எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். மர வீடுகள் வேகமாகச் சிதைகின்றன. அடுத்த தலைமுறைக்கு எத்தனை மிஞ்சும் என்ற கவலை எனக்கு உண்டு.

நகரத்தில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல்லில் கட்டிய புனித விளாடிமிர் பேராலயம் சோவியத் காலத்தில் பேருந்து நிலையமாக இருந்தது. இப்போது மறுபடி வழிபாடு நடக்கிறது. ஓவியர் குஸ்தோதியெவ் பிறந்த ஊர் இது. அவர் பெயரில் ஒரு நினைவு இல்லம் உண்டு. லெனினின் தந்தை பிறந்ததும் இங்கேதான். வட்டார அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பாருங்கள். கோசிகா என்ற ஊருக்கருகே கிடைத்த சர்மாத்தியர் என்ற பழங்கால நாடோடிகளின் தங்கம் ஒரு பக்கம், 1989-இல் கழிமுகத்தில் பிடிபட்ட பெலுகா மீனின் பாடம் செய்த உடல் இன்னொரு பக்கம். நான்கு மீட்டருக்கு மேல் நீளம், ஒரு டன்னை நெருங்கும் எடை. அதன் எதிரே நின்றால்தான் இந்த ஆற்றில் என்ன வாழ்ந்தது என்பது உறைக்கும்.

பெலுகாவும் அதன் இனத்து ஸ்டர்ஜன் மீன்களும் தரும் கருப்பு முட்டைகள்தான் உலகம் முழுக்க விலைபோன கேவியர். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலேறும் மீன்கள் இவை. 1950-களின் கடைசியில் வோல்கோகிராட் அணை எழுந்ததும் பாதை அடைபட்டது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு கள்ள வேட்டை மிச்சத்தையும் துடைத்துவிட்டது. இப்போது காட்டு ஸ்டர்ஜனை வணிகத்துக்காகப் பிடிக்கத் தடை. கடையில் கிடைப்பது பண்ணையில் வளர்த்தது. சந்தையில் யாராவது லேபிள் இல்லாத டப்பாவை மலிவு விலைக்கு நீட்டினால் தொடாதீர்கள். அது கள்ளச் சரக்காகத்தான் இருக்கும். அதற்குப் பதில் செலென்ஸ்கியே இசாதி மீன் சந்தைக்குப் போய் வோப்லா வாங்குங்கள். வசந்தத்தில் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும் சிறு மீன். உப்பிட்டு, கயிற்றில் கோத்து, காற்றில் காயவைத்த கருவாடு. ஊரில் பால்கனிகளில் தொங்குவதைப் பார்க்கலாம்.

சரி, இனி அந்தச் செங்கல் வந்த இடத்துக்குப் போவோம். நகரத்திலிருந்து வடக்கே, அக்தூபா என்ற கிளையாற்றின் கரையில், ஹராபாலி வட்டத்தில் செலித்ரென்னயே என்று ஒரு கிராமம். செங்கிஸ்கானின் பேரன் பாத்து கான் 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவிய சராய் நகரம் இங்கேதான் இருந்தது. மாஸ்கோ உட்பட ரஷ்யச் சிற்றரசர்கள் எல்லோரும் வந்து தலை வணங்கிப் பட்டம் வாங்கிப்போன இடம். மொராக்கோ பயணி இபுன் பதூதா 1330-களில் சராயைப் பார்த்தார். காலையில் ஒரு முனையில் குதிரையேறிப் புறப்பட்டால் மறுமுனை போய்ச்சேர நண்பகல் தாண்டிவிடும் என்று எழுதினார். அவர் பார்த்தது இந்தச் சராயா, இன்னும் மேலே இருந்த புதிய சராயா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பழைய அஸ்திரகானையும் அவர் பார்த்திருக்கிறார். குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் அதன்மேல் ஆயிரக்கணக்கான கட்டு வைக்கோலைப் பரப்பி, வண்டிகளை ஓட்டுவார்கள் என்கிறார். அதே மனிதர்தான் பத்தாண்டு கழித்து மதுரை சுல்தானிடம் விருந்தாளியாக வந்தார்.

1395-இல் தைமூர் வந்து சராயையும் அஸ்திரகானையும் எரித்தார். அதன்பின் ரஷ்யர்கள் செங்கல்லைப் பெயர்த்தார்கள். அதற்கும் பின், சிதைவுகளுக்கிடையே வெடிமருந்துக்கான வெடியுப்பு காய்ச்சினார்கள். எனவே இன்று செலித்ரென்னயேயில் மேட்டு நிலத்தில் நின்றால் கண்ணுக்குக் கட்டடம் எதுவும் தெரியாது. புல், மண், அகழாய்வுக் குழிகள். காலடியில் நீலமும் பச்சையுமாக மெருகிட்ட ஓட்டுச் சில்லுகள் கிடக்கும். குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். அது சட்டப்படியும் தவறு. அருகே ஒரு திரைப்படத்துக்காக மண்ணும் மரமுமாகப் போட்ட சராய் நகர அரங்கம் சுற்றுலாத் தலமாக நிற்கிறது. குழந்தைகளோடு போனால் ரசிப்பார்கள். ஆனால் அங்கேயே திரும்பிவிடாமல் உண்மையான மேட்டுக்கும் போங்கள்.

அதே வட்டத்தில், வோல்கா கரையில் ரெச்னயே கிராமத்தில், மங்கோலிய வழிவந்த கல்மிக் மக்களின் பௌத்தக் கோயில் ஒன்று இருக்கிறது: ஹோஷெவுத் குருல். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டு பாரிஸ் வரை போன கல்மிக் குதிரைப்படையின் நினைவாக, அந்தப் படையின் தலைவர் செரெப்ஜாப் த்யுமென் 1814-க்கும் 1818-க்கும் இடையில் கட்டினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் கசான் பேராலயத்தைப் போல, நடுக்கோயிலிலிருந்து இரண்டு கை விரித்த மாதிரி தூண் மண்டபங்கள் இருந்தன. மேலே பௌத்தக் கூரை. 1943-இல் கல்மிக் மக்களை மொத்தமாக சைபீரியாவுக்கு நாடுகடத்திய பின் கோயில் நாதியற்றுப் போனது. மண்டபங்களைப் பிற்பாடு செங்கல்லுக்காக இடித்துவிட்டார்கள். நடுக் கோபுரம் மட்டும் தப்பியது. அண்மைக் காலத்தில் புதுப்பிப்பு வேலை நடந்திருக்கிறது. இந்தப் பகுதியில் எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான கட்டடம் இதுதான். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்களில் இதன் பெயரே வருவதில்லை. நீங்களாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கழிமுகம். இதற்கு ஒரு நாள் போதாது. குறைந்தது இரண்டு இரவு கீழே ஏதாவது ஒரு படகுத்துறை விடுதியில் தங்குங்கள். நகரத்திலிருந்து தெற்கே போகப் போக, பெரிய கிளை சிறு கிளையாகும், சிறு கிளை எரிக் என்ற குறுகிய வாய்க்காலாகும். இரு பக்கமும் வில்லோ மரம், பிறகு ஆளுயரத்துக்கும் மேலே நாணல் மட்டும். கடைசியில் நாணல் திறந்து, குல்துக் என்று சொல்லும் ஆழமற்ற விரிகுடாக்கள் வரும். தண்ணீர் இடுப்பளவு, சில இடத்தில் முழங்காலளவு. கரை எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது.

தாமரை பூப்பது அங்கேதான். ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்திலும். நம் குளத்துத் தாமரையின் இனமேதான். உள்ளூர்க்காரர்கள் காஸ்பியன் ரோஜா என்பார்கள். இவ்வளவு வடக்கே எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். பறவைகள் கொண்டுவந்தன என்கிறார்கள். பௌத்தரான கல்மிக் மக்கள் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். பழைய வெப்பக் காலத்தின் எச்சம் என்றும் சொல்கிறார்கள். நூறாண்டுக்கு முன் சில மூலைகளில் மட்டும், மொத்தமாக ஒரு ஹெக்டேர்கூட இல்லாமல் இருந்தது. கடல்மட்டம் இறங்கி, வெதுவெதுப்பான ஆழமற்ற நீர்ப்பரப்பு பெருகியதும் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவிவிட்டது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி, படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு பூக்களுக்குள் போகச் சொல்லுங்கள். தண்டு தண்ணீருக்கு மேல் நிமிர்ந்து நிற்பதால், படகில் உட்கார்ந்தால் பூ உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். ஒரே இடத்தில் மூன்று நிறம் பார்ப்பீர்கள். இன்று விரிந்தது அடர் ரோஜா, நேற்றையது வெளிர் ரோஜா, அதற்கு முந்தியது கிட்டத்தட்ட வெள்ளை. வெளுத்ததைத் தொட்டால் இதழ் உதிரும். காற்றில் இலை சாயும்போது அதில் நின்ற தண்ணீர் உருண்டையாகத் திரண்டு ஓடும். பறிக்காதீர்கள். அங்கே அது பாதுகாக்கப்பட்ட செடி.

இந்தக் கழிமுகத்தின் ஒரு பகுதி அஸ்திரகான் இயற்கைக் காப்பகம். 1919-இல், உள்நாட்டுப் போர் நடுவே தொடங்கியது. சோவியத் ஆட்சி தொடங்கிய முதல் காப்பகங்களில் ஒன்று. அப்போது அவசரம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் பெண்களின் தொப்பியில் வெள்ளைக் கொக்கின் இறகு வைப்பது நாகரிகமாகி, வேட்டைக்காரர்கள் கூடு கட்டும் பருவத்திலேயே கொக்குகளைச் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பகம் வந்ததால்தான் இனம் மிஞ்சியது. இன்று வெள்ளத்தில் நிற்கும் வில்லோ மரங்களில் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் குடியிருப்பு மாதிரி அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். டால்மேஷியக் கூழைக்கடா, வெண்வால் கடற்கழுகு, அன்னம் எல்லாம் உண்டு. காப்பகத்தின் சின்னமான ரெமெஸ் என்ற சிறு குருவி, தண்ணீருக்கு மேல் தாழும் வில்லோக் கிளை நுனியில், பஞ்சில் பின்னிய பை போலக் கூடு தொங்கவிடும். நம் தூக்கணாங்குருவியைத் தெரிந்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். பறவைக்காகவே போவதானால் ஏப்ரல் கடைசி அல்லது அக்டோபர்.

கழிமுகத்தின் விளிம்பில் சேத்திரிபுகோர்னி என்ற பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டியபோது கப்பல்களுக்கு வழிகாட்டியது. அதன்பின் கடல் விலகிப்போய்விட்டது. இப்போது அது பல கிலோமீட்டர் உள்ளே, நாணல்காட்டுக்கு நடுவே நிற்கிறது. காஸ்பியன் 1977 வரை இறங்கியது, பிறகு 1995 வரை ஏறியது, அதிலிருந்து மறுபடி இறங்கிக்கொண்டே இருக்கிறது. படகோட்டிகள் இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள்: நேற்றுவரை போன வாய்க்காலில் இன்று அடி தட்டுகிறது. நீர் இன்னும் இறங்கினால் தாமரைக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்பது அங்கே அன்றாடக் கவலை. போக விரும்புகிறவர்கள் ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக வடக்கு மூலை. அஸ்திரகானிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். உண்மையில் வோல்கோகிராடிலிருந்து வருவதே சுலபம். பஸ்குன்சாக் உப்பேரி நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல். கோடையில் தண்ணீர் வற்றி, வெள்ளைத் தரையாக மின்னும். ரஷ்யாவின் சமையல் உப்பில் பெரும்பங்கு இங்கிருந்துதான். ஏரியின் உப்புத் தரை மேலேயே தண்டவாளம் போட்டு, உப்பை வெட்டியெடுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். பக்கத்தில் சரக்கு ரயில் நின்று ஏற்றிக்கொள்ளும். பழைய உப்பளத்தின் மரத்தூண்கள், ஒவ்வொன்றும் உப்புப் படிகம் படிந்து பருத்து, வரிசையாக நிற்கும். காலில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள், படிகம் கிழித்துவிடும். சிராய்ப்பு இருந்தால் எரிச்சல் தாங்காது.

ஏரிக்கரையில் போக்தோ மலை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர்தான். மற்ற ஊரில் இதைக் குன்று என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சுற்றிலும் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் சமவெளியில் அது எத்தனையோ கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். பூமிக்கடியில் இருக்கும் உப்பு மெல்ல மெல்ல மேலே உந்தி, பழைய பாறை அடுக்குகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஏரியில் வெட்டுவதும் மலையைத் தூக்குவதும் ஒரே உப்புதான். செம்மண் சரிவு, காற்று அரித்துத் தேன்கூடு மாதிரி துளைத்த பாறைகள். காற்றடித்தால் ஒலி எழுப்பும் என்பதால் பாடும் பாறைகள் என்பார்கள். ரஷ்யாவில் வேறெங்கும் இல்லாத, கீச்சிடும் ஒரு சின்னப் பல்லி இந்த மலையில் வாழ்கிறது. கல்மிக் பௌத்தர்களுக்கு இது புனித மலை. 1997 முதல் இதுவும் காப்பகம்; குறித்த பாதையில் மட்டும்தான் ஏற விடுவார்கள். ஏப்ரல் பிற்பகுதியில் மலையடியில் காட்டு டுலிப் பூத்துக் கிடக்கும் சில நாட்கள் வரும். அந்த நாட்களில் போகக் கிடைத்தால் கொடுத்து வைத்தவர்.

இதே மூலையில் கபூஸ்தின் யார் ஏவுதளம் இருக்கிறது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணுக்குப் போனது இங்கிருந்துதான். பாஸ்கரா செயற்கைக்கோள்கள் இரண்டும் இங்கிருந்துதான். ராணுவப் பகுதி என்பதால் உள்ளே போக முடியாது. எல்லைக்கருகே காரை நிறுத்திப் படம் எடுக்கிற வேலையும் வேண்டாம்.

நடைமுறை விஷயங்கள். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது: டுலிப் ஏப்ரலில், தாமரை ஆகஸ்டில். ஒரே முறைதான் போவேன் என்றால் ஆகஸ்ட் நடுப்பகுதியை எடுங்கள். வெயில் 35 டிகிரியைத் தாண்டும், ஆனால் தாமரையும் தர்ப்பூசணியும் சேர்ந்து கிடைக்கும். மே கடைசியிலிருந்து ஜூன் வரை போகாதீர்கள். மோஷ்கா என்ற பொடிப்பூச்சி கண்ணிலும் காதிலும் புகுந்து கடிக்கும். உள்ளூர்க்காரர்களே வலை போட்டுக்கொண்டு நடப்பார்கள். கழிமுகத்தின் கீழ்ப்பகுதி எல்லைப் பாதுகாப்பு மண்டலம். வெளிநாட்டவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வரச் சில வாரமாகும். விமான டிக்கெட் போடும் முன்பே விடுதிக்காரரிடம் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து இதைத் தொடங்கிவிடுங்கள். இது இல்லாமல் போனால் தாமரைக்குப் பக்கத்து ஊரிலிருந்தே திரும்ப நேரிடும். காப்பகத்துக்குள் நுழைய அதன் அலுவலகத்தில் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

2022-க்குப் பிறகு நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். போர் காரணமாகத் தெற்கு ரஷ்ய விமான நிலையங்களைத் திடீரென்று மூடுவதும் நடக்கிறது. அதனால் புறப்படும் முன் நம் வெளியுறவுத் துறையின் அறிவுரையைப் பார்த்துவிட்டு, திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வையுங்கள். மாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கும் கொஞ்சம் அதிகம். நேரமிருந்தால் வோல்கோகிராடில் இறங்கி, காரில் பஸ்குன்சாக், அங்கிருந்து செலித்ரென்னயே, ரெச்னயே, நகரம், கழிமுகம் என்று ஆற்றோடு கீழே வாருங்கள். திரும்பும் ரயிலை அஸ்திரகானிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.